மாடிக்குப் போன கூட்டம்

இல்ல சார், நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அந்த மாடியையே பாத்துட்டிருக்கேன்னு கவனிச்சிட்டீங்க, சரி. அங்க மேல ஷீட்டு போட்டிருக்காங்கல்ல, அதுக்குக் கீழ என் பொண்ணு விளையாடிட்டிருக்கா. அதான் பாக்குறேன். போன வாரம் வண்டி விட வந்த ஒருத்தர், "யாருங்க இவரு, தினம் வந்து உக்காந்து பொம்பளைங்க இருக்குற வீட்டையே பாக்குறாரு"னு மெக்கானிக்கிட்ட கேட்டிருக்காரு. அவன் என்கிட்ட வந்து சொல்லிச் சிரிக்கிறான்.

உக்காருங்க. கிளட்ச் பிளேட்டுனா அவன் இப்போதைக்கு முடிக்க மாட்டான். நீங்க வண்டியை உருட்டிட்டு வரும்போதே நினைச்சேன், இவரு கிளட்ச்ச பாதி பிடிச்சுட்டே ஓட்டுற ஆளுனு. அப்படி ஓட்டக்கூடாது சார். சரி, அது உங்க பழக்கம்.

என் பேரு மதியழகன். துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தேன். வெல்டிங் பண்ணி வர்றதை எல்லாம் பாத்து, இங்க ஊசித் துளை மாதிரி பின் ஹோல் இருக்கு, அங்க ஒட்டலனு சாக்பீஸால வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புறது. குறை கண்டுபிடிக்கிறதுதான் வேலை, அதுக்குத்தான் சம்பளம். என் கையைத் தாண்டி ஒரு மட்டமான ஜாயின்ட் வெளிய போனதில்ல. அப்புறம் ஆர்டர் குறைஞ்சுது. முதல்ல ஓவர்டைம் போச்சு, அடுத்து நைட் ஷிப்ட் போச்சு, கடைசியில கேட்டையே சாத்திட்டாங்க. யாரைக் குறை சொல்றது.

வீட்டுக்காரி பவானி லேப் டெக்னீஷியன். பாப்பா பொறந்ததுல இருந்து வேலைக்குப் போகாம இருந்தா. என் வேலை போனதும் டவுன்ல ஒரு ரத்தப் பரிசோதனை சென்டர்ல சேர்ந்துட்டா. அப்ப பாப்பாவை யார் பாக்குறது. நான்தான். பாப்பா பேரு இதழினி. அப்ப ரெண்டு வயசு தாண்டி கொஞ்ச நாள். பேச்சு சரியா வரல சார். அம்மாம்பா, தண்ணிம்பா, போம்பா. அதோட சரி. நான் நாள் பூரா அவகூடப் பேசிக்கிட்டேதான் இருப்பேன். இது என்ன, காக்கா. அது என்ன, லாரி. என்ன வேணும், பால் வேணுமா, பால் வேணும்னு சொல்லு, இந்தா பால். எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் என் வாயையே பாத்துட்டிருப்பா.

எங்க நகர்ல நலச் சங்கத்து ஹால் ஒண்ணு இருக்கு. சொட்டு மருந்து போடுவாங்க, காதுகுத்து நடக்கும், மத்த நாள் பூட்டித்தான் கிடக்கும். தாஹிராங்கிற பொண்ணு, அதுக்கு ரெட்டைப் பசங்க. அறந்தாங்கியில இருந்து கல்யாணம் பண்ணி இங்க வந்தது. வீட்டுக்காரரு வெளிநாட்டுல. ரெண்டு பசங்களோட நாலு சுவத்துக்குள்ள இருந்து இருந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆயிடுச்சாம். அதுதான் சங்கத்துல போய்ச் சாவியைக் கேட்டு வாங்கி, காலையில கொஞ்ச நேரம் கைக்குழந்தைக்காரங்க, சின்னப் பசங்க வச்சிருக்கிறவங்க எல்லாம் அங்க கூடலாம்னு ஆரம்பிச்சது. ஸ்கூல் இல்ல. பால்வாடியும் இல்ல. டீச்சர் கிடையாது, ஃபீஸ் கிடையாது. குழந்தையை விட்டுட்டுப் போகக்கூடாது, பெத்தவங்களும் கூடவே இருக்கணும். அது ஒண்ணுதான் ரூல். பாய் விரிச்சிருப்பாங்க. பழைய டப்பா, அட்டைப் பெட்டி, சில்வர் கிண்ணம், ஒரு தொட்டியில மணல். மேல கொக்கியில சேலையில ஒரு தூளி. அவ்வளவுதான். பவானி வீட்டுல இருந்தப்ப அங்கதான் போயிட்டிருந்தா. வேலைக்குக் கிளம்புற அன்னைக்கு என்கிட்ட, "பாப்பாவை ஹாலுக்குக் கூட்டிட்டுப் போங்க, நிறுத்திடாதீங்க. ஆனா அங்க போய் உங்க இன்ஸ்பெக்டர் வேலையைக் காட்டாதீங்க"ன்னா. அவ எப்பவும் இப்படித்தான் சார், தமாஷா பேசுவா.

முதல் நாள் நான் உள்ள நுழைஞ்சதும் ஒரே அமைதி. ஆம்பளைனு நான் ஒருத்தன்தான். தாஹிராதான் எந்திரிச்சு, "வாங்கண்ணா, உக்காருங்க"னு ஒரு பாயை ஓரமா இழுத்துப் போட்டுச்சு. பாப்பா என் காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. யாரும் அவளைக் கூப்பிடல. வா, விளையாடு, அக்காகிட்டப் போனு யாரும் சொல்லல. என்னடா இப்படிக் கண்டுக்காம இருக்காங்களேனு எனக்கு வருத்தம்கூட. கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா, ரெட்டைப் பசங்கள்ல ஒருத்தன் ஒரு டப்பாவை உருட்டிவிட்டான், அது இவ கால்ல வந்து நின்னுச்சு. இவ திருப்பி உருட்டுனா. அப்படியே என் காலை விட்டுட்டா.

ஆரம்பத்துல கொஞ்ச நாள் நான் எதுலயும் தலையிடல சார். சும்மா உக்காந்திருப்பேன். இப்ப நினைச்சா அந்த நாளெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுல பாப்பாவுக்கு ஒரு இட்லி ஊட்டுறதுக்கு நான் கிண்ணத்தைத் தூக்கிட்டு ரூம் ரூமா ஓடுவேன். அங்க ரோஸ்லின்னு ஒரு பொண்ணு, அதோட பையன் தட்டுல இருந்து இவளே எடுத்துச் சாப்பிடுறா. அந்தப் பையன் முன்னாடி எல்லாப் பிள்ளையையும் கடிச்சு வைப்பானாம். இப்ப கடிக்க வாயைக் கொண்டுபோவான், சட்டுனு நிறுத்தி அம்மாவைத் திரும்பிப் பாப்பான். யார் அடிச்சுத் திருத்துனா? யாரும் இல்ல. நாலு பிள்ளைங்களோட கிடந்து தானா வந்தது. எனக்கு முடி பின்னத் தெரியாது. ரோஸ்லின்தான் சொல்லிக் கொடுத்துச்சு, பாப்பாவைத் திருப்பி உக்கார வச்சு, முடியை மூணு காலாப் பிரிச்சு எப்படி மாத்திப் போடுறதுனு.

இன்னொண்ணு சொல்லணும். வேலை போனதுக்கப்புறம் யாரு என்னைப் பாத்தாலும், "வேற எங்கயும் கிடைச்சுதா"னுதான் கேப்பாங்க. சொந்தக்காரங்க, கூட வேலை பாத்தவங்க, கடைக்காரன் எல்லாரும். அங்க மட்டும்தான், "பாப்பா ராத்திரி தூங்குனாளாண்ணா, நீங்க தூங்குனீங்களா"னு கேட்டாங்க. சாதாரண கேள்விதான்.

சங்கவினு ஒரு பொண்ணு. சின்ன வயசு, முதல் பிள்ளை. நித்திலன்னு ஆம்பளைப் பிள்ளை, தலை நின்னு கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும். அது வரும், வந்ததும் பிள்ளையை யாரு கையிலயாவது கொடுத்துட்டு, சுவத்தோரமாப் போய் உக்காந்துக்கும். சில நாள் அப்படியே பாய்ல சாஞ்சு தூங்கிடும். சில நாள் அழும். சத்தம் வராது, கண்ணுல இருந்து கொட்டிக்கிட்டே இருக்கும். யாரும் ஏன், என்னனு கேக்க மாட்டாங்க சார். ரோஸ்லின் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கும், தாஹிரா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சிட்டு வந்துடும். கிளம்பும்போது அந்தப் பொண்ணு முகத்தைக் கழுவிட்டு, பிள்ளையை வாங்கிட்டுப் போகும். போகும்போது கொஞ்சம் தெளிவா இருக்கும். எனக்கு அதைப் பாத்தா மனசு கேக்காது. ஒரு பொண்ணு தினம் அழுவுது, எல்லாரும் பாத்துட்டுச் சும்மா இருக்காங்களே.

பாப்பாவுக்கு அந்தப் பிள்ளைனா உசுரு. அவன் பக்கத்துலயே உக்காந்து அவன் பாதத்தைப் பிடிச்சுட்டிருப்பா. ஒரு நாள் அவன் தூங்கிட்டிருக்கான். நான் ரோஸ்லின்கிட்ட பால் புட்டியை எப்படிக் கொதிக்க வைக்கணும்னு விளக்கிட்டிருந்தேன். பாப்பா என்னைத் திரும்பிப் பாத்து, "பாப்பா தூங்குது. பேசாதப்பா"ன்னா. முழு வாக்கியம் சார். அவ வாழ்க்கையிலயே முதல் வாக்கியம். எனக்குத் தலைகால் புரியல. எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் சொல்றேன், கேட்டீங்களா, கேட்டீங்களானு. பிள்ளை முழிச்சுட்டு வீல்னு கத்துனான். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. சங்கவிகூடச் சிரிச்சுச்சு.

அன்னைக்குத்தான் எனக்குத் தோணுச்சு. சும்மா கூடுறதுலயே இவ்வளவு நல்லது நடக்குதுனா, ஒழுங்கா முறைப்படுத்துனா எவ்வளவு நடக்கும். எனக்கோ வேலை இல்ல, நேரம் கிடக்கு. இவங்களும் பாவம், பிள்ளையையும் வச்சுக்கிட்டு எவ்வளவுதான் யோசிப்பாங்க.

ஒரு சார்ட் எழுதி சுவத்துல ஒட்டுனேன். வந்ததும் பாட்டு, அப்புறம் எழுத்து, அப்புறம் கதை, கடைசியில விளையாட்டு. மணல் தொட்டியை வெளிய எடுத்துட்டேன், பூனை அசிங்கம் பண்ணும், கிருமி. அதுக்குப் பதிலா ஏ பி சி கட்டைகள் வாங்கி வச்சேன். தூளி கொக்கி எவ்வளவு எடை தாங்கும்னு யாருக்கும் தெரியல, அதனால தூளியைக் கழட்டிட்டேன். வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பிச்சு, குழந்தை வளர்ப்பு பத்தி டாக்டருங்க பேசுறது எல்லாம் தேடித் தேடிப் போடுவேன். யாரு பிள்ளையை எப்படித் தூக்குறது, எப்படிச் சளி சிந்துறது, கண்ணுல பட்டதை அப்பப்பச் சொல்லிடுவேன். பட்டதைச் சொல்றதுதானே நம்ம வேலை. தாஹிரா, "சரிங்கண்ணா"னும். ரோஸ்லின், "சரிங்கண்ணா"னும். ஒருத்தர்கூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசல சார். பிடிக்கலனா சொல்லியிருப்பாங்கல்ல.

முன்னாடி அவங்க வட்டமா உக்காந்து ஏதோ பேசிக்குவாங்க, திடீர்னு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அது கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுது. நான் வந்தா நிறுத்திடுவாங்க. மரியாதைனு வச்சுக்கிட்டேன்.

டீ சொல்லட்டுமா சார்? சர்க்கரை கம்மியா சொல்றேன், இந்த வயசுல கம்மியாத்தான் குடிக்கணும்.

சங்கவி விஷயத்துக்கு வர்றேன். அது வீட்டுக்காரன் ராஜதுரை எனக்குத் தெரிஞ்ச பையன். நான் முன்னாடி இருந்த கம்பெனியில ஃபிட்டரா இருந்தான், நல்ல வேலைக்காரன், என் மேல மரியாதை உண்டு. ஒரு நாள் காய்கறி வாங்கிட்டு நிக்கிறான். நான் தனியாக் கூப்பிட்டு, தம்பி, உன் வீட்டுக்காரம்மா ஹால்ல வந்து தினம் அழுவுது, என்ன ஏதுனு கவனிப்பா, வீட்டுல உங்க அம்மாவுக்கும் அதுக்கும் ஏதும் சரியில்லையானு கேட்டேன். அவன் முகம் மாறிப்போச்சு. எனக்குத் தெரியாதுண்ணே, நல்ல வேளை சொன்னீங்கன்னான். எனக்கு மனசு லேசாயிடுச்சு. இத்தனை நாளா யாரும் செய்யாததை நாம செஞ்சோம்னு.

மறுநாள் சங்கவி வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. வீட்டுல கவனிக்க ஆரம்பிச்சுட்டாங்க போல, ஓய்வு எடுக்குதுனு நினைச்சேன். ஹால்ல அதைப் பத்திப் பேச்சு வந்துச்சு, காய்ச்சலோ என்னமோனு ரோஸ்லின் சொன்னுச்சு. நான்தான் சொன்னேன், கவலைப்படாதீங்க, நான் ராஜதுரைகிட்டப் பேசிட்டேன், இனிமே சரியாயிடும்னு.

ரோஸ்லின் கேட்டுச்சு, "என்ன பேசுனீங்க?"

சொன்னேன். உள்ளது உள்ளபடி சொன்னேன்.

தாஹிரா பசங்களோட தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வாசலுக்குப் போயிடுச்சு. ரோஸ்லின் மட்டும் என் முகத்தைப் பாக்காம, தரையைப் பாத்துச் சொன்னுச்சு: "அந்தப் பொண்ணுக்கு இந்த ஒரு இடம்தாண்ணா இருந்துச்சு."

எனக்குப் புரியல சார். இடம் இருந்தா போதுமா, பிரச்சினை தீர வேண்டாமா.

அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா நின்னாங்க. ஒருத்தருக்கு விருந்தாளி வந்திருக்காங்க. ஒருத்தர் பிள்ளைக்குச் சளி. தாஹிரா ஊருக்குப் போகுதுனு சொன்னாங்க, சாவியை என்கிட்ட கொடுத்துட்டுப் போச்சு. ஒரு கட்டத்துல நானும் பாப்பாவும் மட்டும்தான். காலையில போய்க் கதவைத் திறப்பேன், இருக்கிற பாயை விரிப்பேன், கட்டையை எடுத்து வைப்பேன். பாப்பா கட்டையைத் தொட மாட்டா. வாசலைப் பாத்து உக்காந்திருப்பா. வெளிய வண்டி சத்தம் கேட்டா எந்திரிப்பா, அப்புறம் உக்காந்துடுவா. நான் பாட்டுப் பாடிப் பாத்தேன். கதை சொன்னேன். எல்லாப் பிள்ளைக்கும் சேத்து நானே குரல் மாத்தி மாத்திப் பேசிப் பாத்தேன் சார். ஒருத்தன் எவ்வளவு பேருக்கு விளையாட முடியும்.

வந்த பேச்சும் போச்சு. ஒண்ணு ரெண்டு வார்த்தையா சுருங்கி, திரும்பவும் பழையபடி என் வாயைப் பாக்க ஆரம்பிச்சா. பவானி லீவு போட்டுட்டு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. நானும் போனேன். டாக்டரம்மா காது பாத்தாங்க, நாக்கு பாத்தாங்க. பாப்பாகிட்ட ஒரு பொம்மையைக் காட்டி என்னனு கேட்டாங்க, நான் நாய்க்குட்டினு எடுத்துக் கொடுத்தேன். என்னைக் கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொன்னாங்க. பவானி வெளிய வந்து சொன்னது இதுதான். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையாம். மருந்து வேண்டாமாம். நாலு பிள்ளைங்களோட விளையாட விடுங்கன்னாங்களாம். அதைச் சொல்லிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சுலயே பவானி அழுதுட்டா. அவ அழுது நான் அதிகம் பாத்ததில்ல. நான் ஏதோ சமாதானம் சொல்ல வந்தேன். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க"ன்னா.

இந்தத் தெருவுக்கு ஒரு நாள் எதேச்சையாத்தான் வந்தேன், கேஸ் அடுப்புக்கு டியூப் வாங்க. பாப்பா தோள்ல இருந்தா. மேல இருந்து ஒரே கூச்சல், கைதட்டு. பாப்பா தலையைத் தூக்குனா. நானும் பாத்தேன். மாடிச் சுவத்து மேல எங்க ஹால் பாயை வெயில்ல காயப் போட்டிருக்கு, ஓரத்துல பச்சை போட்ட பாய். ஊருக்குப் போன தாஹிராவோட குரல் மேல கேக்குது. சளி பிடிச்ச பிள்ளையோட குரலும் கேக்குது. எல்லாரும் இருக்காங்க சார். அது ரோஸ்லின் வீட்டு மாடி. பாப்பா மேலயே கையை நீட்டி, "நானு, நானு"ன்னா. அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றா.

எனக்கு வந்த கோபத்துக்கு... இல்ல, கோபம்னு சொல்ல முடியாது. கல்யாண வீட்டு வாசல்ல, உங்களுக்குப் பத்திரிகை வைக்கலையேனு சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் பிள்ளையோட கீழ நின்னு காலிங்பெல்லை அடிச்சேன். தாஹிராதான் இறங்கி வந்துச்சு. என்னைப் பாத்ததும் படியிலயே நின்னுடுச்சு. நான் கேட்டேன், எதுக்கும்மா இப்படினு. உங்களுக்காக நான் என்னவெல்லாம் செஞ்சேன், சொல்லாம கொள்ளாம இப்படிப் பிள்ளையை ஏமாத்தலாமானு. அது பாப்பாவைத்தான் பாத்துச்சு. பாப்பா ஏற்கனவே அது பக்கமாத் தாவிட்டா.

"இதழினியை விட்டுட்டுப் போங்கண்ணா. நாங்க பாத்துக்குறோம். நீங்க மேல வராதீங்க."

பெத்தவங்க கூட இருக்கணும்ங்கிறதுதானே ரூல்னு கேட்டேன். ஆமா, அவளுக்காக மட்டும் மாத்திக்கிறோம்னுச்சு. நான் அப்படி என்னம்மா தப்புப் பண்ணேன், கெட்ட பார்வை பாத்தேனா, கெட்ட வார்த்தை பேசுனேனா, சொல்லுனு கேட்டேன்.

"நீங்க கெட்டவரு இல்லண்ணா. ஆனா உங்க முன்னாடி எங்களால அழ முடியல. அதுக்குத்தானே அங்க வந்தோம்."

சொல்லிட்டுப் பாப்பாவைத் தூக்கிட்டு மேல போயிடுச்சு. பாப்பா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்து அழுதிருந்தா, நான் இல்லாம இருக்க மாட்டாம்மானு சொல்லிக் கூட்டிட்டு வந்திருப்பேன். அழலையே.

அன்னையில இருந்து இந்த டீக்கடை பெஞ்சுதான். காலையில கொண்டுவந்து விடுவேன், முடியுற வரைக்கும் இங்க உக்காந்திருப்பேன். வேலை தேடலாம்ல, இந்த நேரத்துல எங்கயாவது போகலாம்லனு நீங்க கேப்பீங்க. போகலாம். எந்திரிச்சுப் போவேன், அந்த முக்கு வரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன். மேல என்ன நடக்குதுனு தெரியணும்போல இருக்கும். பாட்டுச் சத்தம் வரும். அவங்க சிரிக்கிற சத்தம் வரும், பழைய மாதிரி விழுந்து விழுந்து. அதுல பாப்பா குரலைத் தனியாப் பிரிச்சு எடுத்துடுவேன். நல்லாப் பேசுறா சார். அதை எடுத்தான், இது எனக்கு, நீ தள்ளுனு சண்டை எல்லாம் போடுறா. கீழ வந்து என் கையைப் பிடிச்சதும் பேச்சு நின்னுடும். என்ன விளையாண்ட, யாரு யாரு வந்தா, என்ன சாப்பிட்டனு கேட்டுக்கிட்டே நடப்பேன். ம்ம்பா. சாயங்காலம் பவானி வந்ததும் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லுவா. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்குவேன்.

சங்கவி மட்டும் இங்கயும் வர்றதில்ல. தாஹிராவும் ரோஸ்லினும் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்காங்க. மாமியாக்காரம்மா வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிடுச்சாம். எனக்கு மனசு கேக்காம ராஜதுரையைப் போய்ப் பாத்தேன். அனுப்பி வைப்பா, பிள்ளைக்கு நல்லதுனு சொன்னேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்கதாண்ணே கண்ணைத் திறந்தீங்க. வீட்டு விஷயத்தை நாலு பேரு நடுவுல வச்சு அழுதிருக்கா. இனிமே வெளிய விடுறதா இல்ல"ன்னான். நன்றி சொல்றான் சார் எனக்கு. வீட்டுக்கு வந்து பவானிகிட்ட, அந்தப் பையனோட அண்ணன்கிட்டப் பேசிப் பாக்கட்டுமானு கேட்டேன். இல்ல, போலீஸ்ல மகளிர் ஸ்டேஷன் இருக்கு, அங்க ஒரு வார்த்தை... அவ கரண்டியைக் கீழ வச்சிட்டா. தயவு செஞ்சு எதுவும் செய்யாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்னா. எதுவும் செய்யாம எப்படி சார் இருக்கிறது? நான் எதுவும் செய்யாம இருந்ததே இல்லையே.

நேத்து நடந்ததைச் சொல்லணும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் பேசுனேன் போல.

கூட்டம் முடிஞ்சு பாப்பா இறங்கி வந்தா. கையைப் பிடிச்சு நடந்து வர்றோம். எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அதனால ஒண்ணும் கேக்காம வந்தேன். பாதி தூரம் வந்ததும் அவ நின்னா. என்னை நிமிந்து பாத்தா. "அப்பா, நித்திப் பாப்பா ஏன் வரல?"

அவ்வளவு தெளிவா. என்கிட்ட. மாசக்கணக்கா இதுக்குத்தான் சார் ஏங்கிக் கிடந்தேன், என் பொண்ணு என்னைப் பாத்துத் தானா ஒரு கேள்வி கேக்கணும்னு. கேட்டா. நான் நடுத்தெருவுல நிக்கிறேன். காய்ச்சல்னு சொன்னேன். ஊசி போட்டாங்களான்னா. போட்டாங்கன்னேன். "நாம பாக்கப் போலாமா?"ன்னா. முடியாதுனு எந்த வாயால சொல்றது.

கூட்டிட்டுப் போனேன். வாசல் கதவு சாத்தியிருந்துச்சு. தெருப் பக்கம் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்துச்சு, கம்பி போட்ட ஜன்னல். பாப்பா அங்க ஓடி, எட்டி நின்னு, "நித்தி"னு கூப்பிட்டா. சங்கவி பிள்ளையோட வந்துச்சு. இளைச்சுப் போயிருந்துச்சு சார். முதல்ல என்னைத்தான் பாத்துச்சு. கோபமாப் பாத்திருந்தா நான் ஏதாவது சொல்லியிருப்பேன், சமாதானமோ மன்னிப்போ ஏதோ ஒண்ணு. அது பயந்து பாத்துச்சு. என்னைப் பாத்து. இந்த ஆளு இன்னும் யாருகிட்டப் போய் என்ன சொல்லப் போறானோனு.

அப்புறம் பாப்பாவைப் பாத்துச் சிரிச்சுச்சு. பிள்ளையைக் கம்பிகிட்டத் தூக்கிக் காட்டுச்சு. பாப்பா கையை உள்ள விட்டு அவன் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டா. அவனுக்குப் பல்லு முளைச்சிருக்கு. பாப்பா அவன்கிட்ட என்னென்னமோ சொல்றா, மணல், தொட்டி, ரெட்டை அண்ணன் அடிச்சான்னு. அந்தப் பொண்ணு தலையை ஆட்டி ஆட்டிக் கேக்குது. உள்ள இருந்து மாமியாக்காரம்மா குரல் கேட்டுச்சு, யாருடி அங்கனு. சங்கவி கம்பியைப் பிடிச்சிருந்த பாப்பாவோட விரலை ஒண்ணு ஒண்ணா, நசுங்கிடாம, மெதுவா எடுத்துவிட்டுச்சு. எடுத்துவிட்டுட்டு ஜன்னலைச் சாத்துச்சு.

பாப்பா அழ ஆரம்பிச்சா. தூக்கிக்கிட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது நகராம நிக்கிறது கண்ணாடியில நிழலாத் தெரிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு பக்கத்துல போய் வாயைத் திறந்தேன். உள்ள செருப்புச் சத்தம் நடந்து வந்துச்சு. மூடிக்கிட்டேன்.